இரண்டு பேருக்கு ஒரு ஃபேரிங்

அத்தியாயம் 14

பைக்குக்குக் காற்றுத் தடுப்பாக இணையத்தில் வாங்கிய ஃபேரிங்கை வெர்லின் ஹாகன் பெட்டியோடு திருப்பி அனுப்பியதில் போன வாரம் விட்டோம். விலை நானூறு டாலர். படத்தில் பார்த்தபோது கம்பீரமாகத்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தால் தயிர் டப்பாவைவிடக் கொஞ்சம்தான் தடிமன். துளைகளில் ஒன்றுகூட பைக்கோடு பொருந்தவில்லை. கம்பெனிக்காரனிடம் போனில் கேட்டதற்கு, துளையைப் பெரிதாக்கிக்கொள்ளுங்களேன் என்றானாம்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நாலு வரி. வெர்லினுக்கு அறுபத்திரண்டு வயது. தெற்கு டகோட்டாவில், மிசௌரி ஆற்றுக்குக் கிழக்கே ஒரு சிறிய ஊரில், தானியக் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இன்னும் வேலையில் இருக்கிறார். ஒரே மகள் பிரிட்டா, ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள், இரண்டு தெரு தள்ளி வீடு. வெர்லினிடம் மெரூன் நிறத்தில் பெரிய டூரிங் பைக் ஒன்று உண்டு. முன்பக்கம் ஹெட்லைட்டும் ஹேண்டில்பாரும் தவிர வேறொன்றும் கிடையாது. அடிக்கிற காற்று நேராக நெஞ்சில் வந்து மோதும்.

முப்பது வருடம் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பைக்குகளில் ஆர்லிஸ் பின்னால் உட்கார்ந்து போனார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்டில், மேற்கே மலைப் பக்கம் நடக்கும் பைக் திருவிழாவிலிருந்து ஆறு பைக்குகள் வரிசையாக வீடு திரும்பிக்கொண்டிருந்தன. அன்று பேய்த்தனமான எதிர்க்காற்று. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் ஆர்லிஸ் இறங்கினார், கழுத்து வலி என்றார், பிரிட்டாவை காரோடு வரச் சொல்லி அதில் வீட்டுக்குப் போனார். அன்றைக்குப் பிறகு பைக்கில் ஏறவில்லை. அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச்சும் இல்லை. இந்தப் பக்கத்து ஜனங்கள் மயக்க மருந்து இல்லாமல் பல்லைப் பிடுங்கினாலும் ‘மோசமில்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்.

ஜூன் மாதம் மொன்டானாவில் ஆர்லிஸின் அக்கா டெலோரிஸுக்கு எழுபதாவது பிறந்தநாள். பைக்கிலேயே போகலாமா என்று வெர்லின் கேட்டார். காற்று இப்படியே அடித்தால் முடியாது என்றார் ஆர்லிஸ். வெர்லினுக்கு அது போதும். காற்றுதான் பிரச்சினை என்றால் காற்றைத் தடுத்துவிடலாம். அதற்காகத்தான் இந்த ஃபேரிங் வேட்டை. ஹெட்லைட்டைச் சுற்றி ஒரு கூடு, மேலே ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் அதற்கு ஒரு மனிதன் மூன்று மாதம் தூக்கம் கெட முடியும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி, பைக் முன்னால் டேப் போட்டு ஒட்டி, ஜல்லி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். அட்டை பிய்த்துக்கொண்டு போய் யாரோ ஒருவரின் மாட்டுத் தொழுவத்தில் விழுந்தது. அந்த ஆள் அதை மடித்துத் தபாலில் அனுப்பிவைத்தார்.

இனி, ஏப்ரல் மாதத்து அந்தச் சனிக்கிழமை.

நாற்பது மைல் தள்ளியிருக்கும் கண்காட்சித் திடலில் வருடத்துக்கு ஒருமுறை பழைய பைக் பாகங்களின் சந்தை கூடும். அங்கே ஒரின் பெசெக் என்பவர் தன் கையால் செய்த ஃபேரிங்குகளைக் கொண்டுவருவார் என்று வெர்லின் கேள்விப்பட்டு, வியாழக்கிழமை போன் போட்டார். ஒரின் பைக் என்ன மாடல் என்று கேட்டார், எந்த வருடம் என்று கேட்டார், பின்னால் ஆள் உட்காருவார்களா என்றும் கேட்டார். ஆமாம், மனைவி என்றதும், அப்படியானால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒருவரை மட்டும் உட்காரவைத்து நான் அளவெடுப்பதில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்தச் செய்தியை வெர்லின் இரண்டு நாள் வைத்திருந்து, சனிக்கிழமை காலையில் ரொட்டி டோஸ்டரைப் பார்த்தபடி சொன்னார். ஆர்லிஸ் வருகிறேன் என்றார். ஆனால் பைக்கில் இல்லை, பிரிட்டாவின் காரில்.

ஆக, முன்னால் பைக், பின்னால் கார். பிரிட்டாவுக்கு இந்த மொன்டானா பயணத்தில் விருப்பமே இல்லை. அறுபது வயதில் எண்ணூறு மைல் பைக்கில் போவானேன், விமானம் எதற்கு இருக்கிறது என்பது அவள் கட்சி. போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆர்லிஸ் முன்கண்ணாடி வழியாக, காற்றில் ஆடிக்கொண்டிருந்த புருஷனின் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேணாம்னா வேணாம்னு சொல்லிடேம்மா. அப்பா என்ன, அடிச்சா தூக்கிட்டுப் போகப் போறாரு? கழுத்து வலின்னு சொன்னா முடிஞ்சுது.”

“கழுத்துக்கு என்ன? அது அடுத்த நாளே சரியாயிடுச்சு.”

பிரிட்டா திரும்பிப் பார்த்தாள். “ரெண்டு வருஷமா கழுத்து வலின்னுதானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்?”

“சொன்னா சொல்லிக்கோ. ரோட்டப் பாத்து ஓட்டு.”

அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை. பிரிட்டாவும் அந்த மண்ணில் பிறந்தவள்தான், துருவத் தெரியாது. ரேடியோவில் சோள விலை சொன்னார்கள், இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

சந்தை, மாடுகளைக் காட்சிக்கு நிறுத்தும் நீளக் கொட்டகையில் நடந்தது. மரத்தூள் வாசனையும் எஞ்சின் எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தது. தரையில் தார்ப்பாய் விரித்து, சைலன்சர், சீட், டேங்க் என்று குவித்திருந்தார்கள். ஒரு மூலையில் சர்ச் பெண்கள் காபியும், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட பலகாரமும் விற்றார்கள். ஆர்லிஸும் பிரிட்டாவும் முதலில் அங்கே போனார்கள். வெர்லின் நேராக ஒரினிடம் போகவில்லை. பொருளை விலை பேசப் போகிறவன் முதலில் வேறு நாலு கடையில் நின்றுவிட்டுத்தான் போவான்.

நடு வரிசையில் ஒரு பெரிய ஃபேரிங் இருந்தது. பைக் கம்பெனியே போட்டது, பழசு. பைக்கின் சட்டத்தோடு சேர்த்து முடுக்குகிற வகை. லாரி பக்கத்தில் போனாலும் ஹேண்டில் அசையாது, காருக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்றான் விற்பவன். உள்ளே இரண்டு ஸ்பீக்கர் வேறு. வெர்லின் அதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். விலை ஆயிரத்து எண்ணூறு. அதை மாட்டுகிற இரும்புத் தாங்கிக்கே இன்னும் ஐந்நூறு ஆகும். அவரிடம் இருந்தது எழுநூறு. அதுவும் ஆர்லிஸுக்குத் தெரிந்த எழுநூறு. அவர் ஸ்பீக்கரை ஒருமுறை விரலால் தட்டிவிட்டு நகர்ந்தார்.

ஒரின் பெசெக் கொட்டகையின் கடைசியில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கொலாச்சே ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் ஃபைபர்கிளாஸ் படகுகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். இப்போது குளிர்காலத்தில் தன் ஷெட்டில் உட்கார்ந்து ஃபேரிங் செய்கிறார், வருடத்துக்கு ஒன்பதோ பத்தோ. முன்னால் நாலு இருந்தன. எதற்கும் பெயின்ட் கிடையாது, எல்லாம் சாம்பல் நிறம்.

வெர்லின் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் வந்தது. இது ஹேண்டில்பாரோடு திரும்புகிற வகை. நாலு கவ்வியில் நிற்கும், வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். ஹேண்டில் மேல் ஏறுகிற பாரம் என்பதால் மெல்லிசாகத் தேய்த்திருக்கிறேன். ஸ்பீக்கர் வைக்க இடம் விடவில்லை, வைத்தால் குறுக்குக் காற்றில் ஹேண்டில் இழுக்கும். அறுநூற்று ஐம்பது. பெயின்ட் உங்கள் பாடு.

வெர்லின் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். கெட்டியாகச் சத்தம் வந்தது. துளைகளைப் பார்த்தார், குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார், ஐம்பது குறையுமா என்று கேட்டார். ஒரின் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, “பின்னாடி உக்கார்றவங்க எங்க?” என்றார்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரின் ஃபேரிங்கை மாட்டினார். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடி மட்டும் இன்னும் வெட்டாத முழுத் துண்டாக இருந்தது, ஜன்னல் கதவைப் பிடுங்கி வைத்தது போல. கண்ணாடி என்பது பெயருக்குத்தான், கெட்டிப் பிளாஸ்டிக். அதை ஆளுக்குத் தகுந்த உயரத்தில் வெட்டுவதில்தான் தொழிலே இருக்கிறது என்றார் ஒரின். ஓட்டுகிறவர் மூக்குக்கு நேராக வெட்டினால் காற்று அவர் தலைக்கு மேல் போய்விடும், அவர் கண்ணாடிக்கு மேலாக ரோட்டைப் பார்க்கலாம். ஆனால் பின்சீட் உயரம். முன்னால் இருப்பவரைத் தாண்டுகிற காற்று பின்னால் இருப்பவரின் முகத்தில் போய் அறையும். ஓட்டுகிறவனுக்குச் சுகம், பின்னால் இருப்பவளுக்கு முன்னைவிட மோசம். இரண்டு பேருக்கும் சேர்த்து வெட்டினால் இன்னும் நாலு விரல் உயரம் வேண்டும். அப்போது ஓட்டுகிறவர் கண்ணாடி வழியாகத்தான் பார்த்து ஓட்ட வேண்டும், மழை வந்தால் பாடுதான்.

வெர்லின் ஏறி உட்கார்ந்தார். ஆர்லிஸ் ஒரு நிமிடம் நின்றார். காபிக் கோப்பையைப் பிரிட்டாவிடம் கொடுத்தார். பிறகு ஏறினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஏறுகிறார், ஆனால் கால் தானாகவே படிக்கு மேல் போய்விட்டது. கைகளை மட்டும் புருஷனின் இடுப்பில் வைக்கவில்லை, தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். வெர்லின் அதைக் கவனித்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆர்லிஸுக்கு அந்த முகம் தெரியாது, பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுதானே தெரியும்.

ஒரின் ஒரு நூலை எடுத்துக் கண்ணாடியில் டேப்பால் ஒட்டி, மறு நுனியை வெர்லினின் மூக்குவரை இழுத்தார், பிறகு ஆர்லிஸின் நெற்றிவரை. பென்சிலால் குறித்தார். ஒருவருக்கு ஒரு கோடு, இருவருக்கு மேலே இன்னொரு கோடு.

“கடைசியாப் போனீங்களே, அன்னைக்குக் காத்து எங்க அடிச்சுது?”

“கழுத்துல,” என்றார் வெர்லின்.

“உங்களக் கேக்கல.”

பக்கத்தில் யாரோ பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள், பிடிக்கவில்லை.

“காத்து எல்லா எடத்துலயும்தான் அடிச்சுது. அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. அதெல்லாம் பழகினதுதான்,” என்றார் ஆர்லிஸ்.

ஒரின் நூலைப் பிடித்தபடியே நின்றார். ஊசிபோட வந்த நர்ஸ் மாதிரி ஒரு பொறுமை அவரிடம் இருந்தது. அவர் அந்நியர் என்பதாலும் இருக்கலாம், ஆர்லிஸ் சொல்ல ஆரம்பித்தார்.

“தோள்ல ரெண்டு தட்டுத் தட்டினா நிறுத்தணும். கல்யாணம் ஆன புதுசுலேருந்து எங்களுக்குள்ள அதான் பேச்சு. அன்னைக்குத் தட்டினேன். நிக்கல. மறுபடி தட்டினேன். அப்புறம் எண்ண ஆரம்பிச்சிட்டேன். பதினொரு தடவ. முன்னாடி போனவங்க பெட்ரோலுக்கு நின்னப்பதான் எங்க வண்டியும் நின்னுது.”

பிரிட்டாவின் கையில் இருந்த காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

ஒரின் தனக்குத் தெரிந்த மருந்தைச் சொன்னார். “அந்தக் காத்துல தட்டினது எங்க தெரியும்? ஜாக்கெட் வேற கெட்டி. தோள் முழுக்கக் காத்து அடிக்கிறப்ப கை பட்டுதா, காத்துப் பட்டுதான்னே புரியாது. இது மாட்டினா அந்தத் தொல்ல இல்ல. ஒரு வெரல் பட்டாக்கூடத் தெரியும்.”

இதைவிட வசதியான கதவை வெர்லினுக்கு யாரும் திறந்துவிட முடியாது. இந்தச் சமாதானத்தைத்தான் அவரும் இரண்டு வருடமாகத் தனக்குத்தானே சொல்லி வந்தார். தலையை ஆட்டினால் போதும். அறுநூற்று ஐம்பதைக் கொடுத்துவிட்டு, காற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு, ஜூனில் மொன்டானா போய்விடலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் தலையை ஆட்டியிருப்பேன்.

அவர் இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த பென்சில் கோடுகளைப் பார்த்தார்.

“தெரிஞ்சுது,” என்றார்.

“என்னது?” என்றார் ஒரின்.

“தட்டினது. மொதத் தட்டே தெரிஞ்சுது.”

ஒரின் நூலை விட்டார். பைக்கில் இருந்த இருவரும் ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வெர்லின் கண்ணாடியிடம் பேசுகிற மாதிரி பேசினார். சொன்னது மொத்தமும் இதுதான். அன்று வரிசைக்கு முன்னால் போனது கூட்டாளி டுவேன் கோல்ப். அந்தக் கூட்டத்தின் விதி, முன்னால் போகிறவன் நிற்பதற்கு முன்னால் எவன் ஓரங்கட்டினாலும், அன்றைய ராத்திரிச் சாப்பாடு ஆறு வண்டிக்கும் அவன் செலவு. அதுகூடப் பரவாயில்லை, அடுத்த ஆகஸ்ட் வரை கிண்டல் ஓயாது. இருபது வருடத்தில் வெர்லின் ஒருமுறைகூட ஓரங்கட்டியதில்லை.

“அடுத்த ஊர் வரைக்கும் நீ தாங்கிடுவன்னு நெனச்சேன், ஆர்லிஸ். அப்புறம் நீ மறுபடி தட்டின. நாலு தட்டு, அஞ்சு தட்டு ஆயிடுச்சு. அப்ப நிறுத்தினா, மொதல்லயே தெரிஞ்சும் நிறுத்தலன்னு ஆயிடும் இல்ல? அதான் தெரியாத மாதிரியே ஓட்டிட்டேன்.”

“எனக்குத் தெரியும்,” என்றார் ஆர்லிஸ்.

வெர்லின் திரும்ப முயன்றார், முடியவில்லை. திரும்பினால் வண்டி சாயும்.

“ஒவ்வொரு தட்டுக்கும் உன் தோள் இறுகிச்சு. தட்டினது என் கைதானே, எனக்குத் தெரியாதா? நீ பெட்ரோல் போட்டுக்கிட்டே, என்ன ஆச்சு, தட்டவேண்டியதுதானேன்னு கேட்ட பாரு. அப்பதான் பிரிட்டாவுக்கு போன் பண்ணினேன்.”

வெர்லினுக்கு அவமானமாக இருந்தது. காது மடல்கள் சிவந்துபோயிருந்தன. பிரிட்டா முதல்முறையாக அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். இரண்டு வருடமாக ஊரில் அம்மாவைப் பற்றி யார் கேட்டாலும், கழுத்து வலி, காற்றுத் தாங்கவில்லை என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்னிக்காவது நீயே சொல்லுவன்னு இருந்தேன்,” என்றார் ஆர்லிஸ். குரல் உயரவில்லை. “சொல்லிட்டா கோவம் போயிடும்னு நெனச்சேன்.”

உள்ளே தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறவர் போல, “போகல,” என்றார்.

பிறகு இறங்கினார். கை கொடுக்க வந்த பிரிட்டாவை வேண்டாம் என்று சைகை காட்டினார். பேன்ட்டில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

ஒரின் பாவம், குடும்ப விவகாரத்துக்குக் கடை போட்டவர் இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரம்பத்தின் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்கும் வேலை முடிய வேண்டுமே. தொண்டையைச் செருமிக்கொண்டு வெர்லினிடம் கேட்டார், கண்ணாடியை எந்தக் கோட்டில் வெட்டுவது, ஒருவருக்கா, இருவருக்கா?

வெர்லின் கீழ்க்கோட்டைப் பார்த்தார், மேல்கோட்டைப் பார்த்தார். தலையைத் திருப்பி ஆர்லிஸைப் பார்த்தார். கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்காமல் இரண்டாவது கோட்டைக் காட்டினால் அது இன்னொரு தப்பாகிவிடுமோ என்றும் பயந்தார்.

“அந்த மேல்கோட்டுல வெட்டுங்க,” என்றார் ஆர்லிஸ், ஒரினிடம்.

வெர்லின் முகம் மலர ஆரம்பித்தது. அதை ஆர்லிஸ் பார்த்துவிட்டார்.

“நான் வர்றேன்னு சொல்லல, வெர்லின். ஒசரமா இருந்தா அப்புறம் கொறச்சுக்கலாம். கொறச்சிட்டா ஏத்த முடியாது. அவ்வளவுதான்.”

ஒரின் கீழ்க்கோட்டை ஈரத்துணியால் துடைத்தார். ரம்பத்தை ஓடவிட்டார். வெர்லின் இறங்கவும் மறந்து, கண்ணாடித் தூள் மடியில் கொட்டக் கொட்ட பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார்.

பிரிட்டா காரின் கதவைத் திறந்துவிட்டாள். ஆர்லிஸ் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, மொன்டானாவுக்கு போன் செய்தார். மணி ரொம்ப நேரம் அடித்தது. காரைச் சுற்றிவந்து ஏறிய பிரிட்டாவுக்கு முதல் இரண்டு வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது.

“டெலோரிஸ், ஜூன்ல நான் வர்றேன். எதுல வர்றேன்னு மட்டும் இப்ப கேக்காத.”